சந்தனம் வைத்த சுவிட்ச்

எங்கள் வீட்டுச் சிந்தசைசர் கீபோர்டின் சுவிட்சைத் தட்டினால் அது ஸ்டார்ட் ஆகாது, ஊரில் நின்றுபோய்க் கிடக்கிற வேறு ஏதாவது ஒன்று ஸ்டார்ட் ஆகிவிடும் என்பது லேத் பட்டறைத் தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள்கூடப் பேசிப் பேசிச் சலித்துப்போன விஷயம், வெளியூர்க்காரர்கள்தான் கேட்டு வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் உண்டு, ஏனென்றால் அந்தச் சிந்தசைசரை நம்பித்தான் என் வீட்டுக்காரர் பூவலிங்கம் கோயில் கொடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தார், அதை நம்பித்தான் நான் மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தேன், அது ஊருக்கெல்லாம் உயிர் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கட்டையாகக் கிடந்தால் நான் எதை வைத்துப் பாடுவது?

எல்லாம் ஆயுத பூஜை அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் தெருவில் தீபாவளி எப்படிப் போனாலும் போகும், ஆயுத பூஜை தவறாது. லேத்து மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர் முதல் தராசு வரைக்கும் விபூதி பூசி, சந்தனம் வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைப்போம். வைத்த சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டோம். அது காய்ந்து தானாக உதிரவேண்டும், அதுவரைக்கும் அந்த இடத்தில் கைபடாமல்தான் வேலை பார்ப்போம். அந்த வருஷம் இவரும் சிந்தசைசருக்கு மாலை போட்டு, மற்ற எல்லா இடத்திலும் சின்னச் சின்னப் பொட்டாக வைத்துவிட்டு, தொடங்குகிற இடம் அதுதானே என்று பின்பக்கத்து சுவிட்சின் மேல் மட்டும் கெட்டியாக ஒரு அப்பு அப்பினார். வீட்டு வேலையில் இல்லாத தாராளம் சந்தனத்தில் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. குளித்து, வேட்டி மாற்றி, சாமி கும்பிட்டு, சந்தனம் உதிராமல் ஓரத்தில் விரல் வைத்துப் பக்குவமாக சுவிட்சைத் தட்டினார். சிந்தசைசரில் ஒரு விளக்கும் எரியவில்லை. எதிர்வீட்டு வேப்ப மரத்தடியில், சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிடுகிற அளவுக்குப் பழசாகி நின்ற ஆறுமுகப்பெருமாள் சாருடைய ஸ்கூட்டர் டபடபவென்று ஸ்டார்ட் ஆகி, கோழிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. சார் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், வாயைக் கொப்பளித்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்து பால் வாங்கப் போய்விட்டார். அவர் வீட்டம்மாள் வாசலில் நின்று, "இனிமே முட்டு வலிக்குன்னு சாக்குச் சொல்ல முடியாதுல்ல" என்றாள். அவ்வளவுதான், அந்தக் காரியம் அங்கேயே முடிந்துவிட்டது.

இவர் தன் போக்கில் பழுது பார்க்க உட்கார்ந்தார். அடாப்டரை மாற்றினார், கிரைண்டர் போடுகிற பிளக்கில் போட்டுப் பார்த்தார், மீட்டரை வைத்துக் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்த்தார், ஃபியூஸைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை சுவிட்சைத் தட்டினார், ஒவ்வொரு தடவைக்கும் ஊரில் ஒன்று கிளம்பியது. மசாலா அரைக்கிற கடையில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மெஷின் சுற்றியது. பாழடைந்த தோட்டத்தில் மோட்டார் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் வந்து, யாரும் விதைக்காத பாத்தியில் பாய்ந்தது. மூடிக் கிடந்த நூல் மில்லில் சங்கு ஊதியது. ஊதியதும் அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாம், தலை நரைத்துப்போனவர்கள், சட்டையை மாட்டிக்கொண்டு தூக்குச்சட்டியோடு மில் வாசலுக்குப் போய் நின்றார்கள். கேட்டைத் திறக்க யாரும் வரவில்லை. வெயில் ஏறுகிறவரைக்கும் நின்றுவிட்டு, கொண்டுபோன சோற்றை அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

இதற்கும் எங்கள் வீட்டு சுவிட்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று முதலில் கண்டுபிடித்தது வெல்டிங் பட்டறைக்காரர் சம்சாரம். கண்டுபிடித்த கையோடு ஓடாத மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "செம்பகம், உங்க வீட்டுக்காரரை ஒரு தட்டு தட்டச் சொல்லு" என்று வாசலில் வைத்துவிட்டு நின்றாள். அவள் வந்ததைப் பார்த்து அடுத்தவள் வந்தாள். டேபிள் ஃபேன், டார்ச் லைட், தையல் மெஷின், ரேடியோ, யாரோ ஒரு புண்ணியவான் மாட்டு வண்டிச் சக்கரத்தைக்கூட உருட்டிக்கொண்டு வந்தார், அது ஸ்டார்ட் ஆகிற பொருளா என்று கேட்டால் வைத்துத்தான் பார்ப்போமே என்கிறார்.

தட்டினால் மிக்ஸி கல்லாக உட்கார்ந்திருந்தது. இரும்புக்கடை அண்ணன் தம்பிக்குள் நடுச்சுவர் விஷயமாக இருந்து, இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்த சண்டை ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தான், இன்னொருத்தன் பின்னாலேயே வந்தான், இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள், பேசிக்கொண்டே, நாம் எதுக்கு இப்போது சண்டை போடுகிறோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தார்கள். மறுநாள் ஃபேனுக்காகத் தட்டினால், முறிந்துபோன ஒரு சம்பந்தம் ஸ்டார்ட் ஆகி, மாப்பிள்ளை வீட்டார் வேனில் தாம்பூலத்தட்டோடு வந்து இறங்கினார்கள்; பெண் வீட்டில் யாரும் குளிக்கக்கூட இல்லை; மாப்பிள்ளையைப் பெற்றவர் வாசலில் நின்று, "நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று பெண்ணைப் பெற்றவரிடமே கேட்டார். அந்தப் பெண் மட்டும் குழம்பவில்லை. போய் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு வந்து காப்பி கொடுத்தாள்.

எதற்குத் தட்டினால் எது கிளம்பும் என்பதற்குக் கணக்கே கிடையாது. பக்கத்தில் இருப்பதா, தூரத்தில் இருப்பதா, ரொம்ப நாளாக நின்றதா, நேற்று நின்றதா, நல்லதா, கெட்டதா, ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. ஆனால் எங்கள் தெருக்காரர்கள் எதற்கும் ஒரு ஒழுங்கு கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் குழாயில் தண்ணீர் வந்து நின்ற பிறகுதான் தட்டவேண்டும். தட்டுவதற்கு முன்னால் மைக்கில் சொல்லவேண்டும், சொன்னதும் வண்டிக்காரர்கள் கியரிலிருந்து எடுத்துவிட்டு சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், பழைய பகை உள்ளவர்கள் அந்த நேரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், குடியை விட்டவர்களைப் பெண்டாட்டிமார் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். கவுன்சிலர் வந்து தெருவிளக்குக்கு ஒரு தட்டு கேட்டுப் பார்த்தார். அவருக்கு விக்கல் ஸ்டார்ட் ஆனது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, யூனிட் ஓடவில்லை, அதனால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

எல்லா ஒழுங்குக்கும் மேலே ஒன்று இருந்தது. அன்றன்றைக்கு முதல் தட்டு ரத்தினக்கிளி மதினிக்கு. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, யாரும் குறுக்கே வரவும் இல்லை.

மதினி எங்கள் மைக்செட் சோலையப்பன் அண்ணனுடைய சம்சாரம். அண்ணன் எங்கள் கச்சேரிக்கெல்லாம் மைக்கும் குழாயும் கட்டுகிறவர். ஒரு கோயில் கொடையில் மூங்கில் கழியில் ஏறிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது கழி சாய்ந்து, தலை தரையில் அடிபட விழுந்தார். அன்றைக்கு மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை. மூச்சு வருகிறது, கஞ்சியை ஊற்றினால் முழுங்குகிறார், ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி இரண்டு ஆடி போய்விட்டது. மதினி அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, பவுடர் போட்டு, மீசையைக்கூடக் கத்தரித்துவிட்டு வைத்திருந்தாள். எனக்கு அவர் எழுந்திருப்பார் என்ற நம்பிக்கை எப்போதோ போய்விட்டது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, போய்ப் பார்க்கத்தான் கூச்சம், அதனால் அந்த வீட்டுப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஆனால் ஸ்கூட்டர் கிளம்பிய சேதி கேட்ட நாளிலிருந்து மதினி தினமும் காலையில், அண்ணனைத் துடைத்த ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி, எங்கள் வாசலுக்கு வந்துவிடுவாள். "தட்டுங்க கொழுந்தனாரே" என்பாள். இவர் தட்டுவார். எங்கேயோ ஒரு பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும், அல்லது எவள் வீட்டிலோ நின்றுபோன மாவரைக்கிற கல் சுற்றும், அல்லது பால் வற்றிய ஆடு மடி கனத்துக் கத்தும். மதினி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள், பிறகு அவள் வீட்டைப் பார்க்க ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் யாராவது அவள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார்கள்.

இதற்கு நடுவில் எங்களுக்குக் கச்சேரி எல்லாம் கைவிட்டுப் போனது. இவர் சத்தம் வராத கட்டைகளில் விரலை ஓட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதுரையில் இந்த மாதிரிச் சாமான் பழுதுபார்க்கிற காதர் மைதீன் பாயை வரச்சொன்னேன்.

பாய் நல்ல வேலைக்காரர். அடித்தட்டைக் கழற்றித் தாயக்கட்டம் போல் ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்தார். உள்ளே உப்பியிருந்த கப்பாசிட்டரை மாற்றினார், பொத்தான் பேட்டரியை மாற்றினார், பட்டை வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். சுவிட்சுக்கு வந்ததும் சந்தனத்தைப் பார்த்தார். "பூஜை வச்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "அப்ப அதுல நான் கை வைக்கலம்மா" என்று அதைச் சுற்றியே துடைத்தார். நாங்களும் தலையை ஆட்டினோம். சந்தனம் அப்போதும் பாறையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. உதிரவில்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, உதிராதவரைக்கும் சாமி அதில் இருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு பாய் கடைசி வைத்தியம் என்று, மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கிக்கொண்டே சுவிட்சைத் தட்டச் சொன்னார். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து முதலிலிருந்து கிளம்புமாம். இவர் அமுக்கினார், தட்டினார். தெருவில் வயசுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில், தாங்கள் பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட பாடம் மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது. நானே வாசலில் நின்று, ஏன் எதற்கு என்று தெரியாமல், ஆற்றுப்படுகை மண்ணின் வகைகளை ஒப்பித்தேன். பாய் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கரண்ட் உள்ள வரணும், வரல. வரலைன்னா எங்கயும் போகக் கூடாது, ஆனா போகுது. எனக்கு ஒண்ணும் ஓடல" என்றார். "பவர் போர்டை சுவிட்சோட சேத்துப் புதுசா மாத்திடுறேன். நாளைக்குக் கொண்டாரேன். அதுக்கு அப்புறம் இது ஸ்டார்ட் ஆகலைன்னா நான் இந்தத் தொழிலை விட்டுடுறேன்."

அவர் போனதும் தெரு எங்கள் வாசலில் கூடிவிட்டது. மாற்றிவிட்டால் இது மட்டும்தானே ஸ்டார்ட் ஆகும், மற்றதெல்லாம்? இரும்புக்கடை அண்ணன் தம்பி மாற்று மாற்று என்றார்கள். மில் வேலைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், சங்கு இன்னொரு தடவை ஊதினால் கேட்டைத் திறந்தாலும் திறப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். என் வீட்டுக்காரர், "எனக்கு இது வேணும், இது இல்லாட்டி எனக்கு என்ன தெரியும்? ஆனா அண்ணன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் எப்படி மாத்தச் சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எல்லோரும் மதினி நிற்கிற பக்கத்தை மட்டும் பார்க்காமல் வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்து நின்றதும் மைக்கில் சொன்னார்கள், வண்டிக்காரர்கள் சாவியை எடுத்தார்கள், மதினி ஈரத்துண்டோடு வந்தாள். இவர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். "இருங்க" என்றாள்.

சிந்தசைசருக்குப் பின்பக்கமாகப் போய்க் குனிந்தாள். தோளில் இருந்த துண்டின் நுனியை சுவிட்சில் வைத்து, அண்ணனுடைய காது மடலைத் துடைக்கிற மாதிரி, சந்தனத்தை ஊறவிட்டுத் துடைத்தாள். குங்குமம் துண்டில் சிவப்பாக இறங்கியது. கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது, ஆனால் கையைப் பிடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, சுவிட்சின் இடுக்குக்குள் போய்க் கெட்டிப்பட்டுக் கிடந்த சந்தனத்தைப் பொடிப்பொடியாக நெம்பி எடுத்தாள். ஊதினாள். பிறகு அவளே தட்டினாள்.

சிந்தசைசரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிப் பட்டையில் நீலமாக எழுத்து ஓடியது. ஊரில் வேறு எதுவும் கிளம்பவில்லை. ஸ்கூட்டர் இல்லை, சங்கு இல்லை, சண்டை இல்லை, காக்கைகள்தான் கத்திக்கொண்டிருந்தன. இவருக்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. ஒரு கட்டையை அமுக்கி, விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார், அந்த ஒரு சுரம் தெரு முழுக்கக் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு வேண்டியது நடந்துவிட்டது, ஆனாலும் கோபம் வந்தது. "மதினி, தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள். "மாவு காஞ்ச மூடியை ஊறவச்சுத்தான திறப்போம். சுவிட்சும் அப்படித்தான் இருக்கும்னு முந்தாநாளே எனக்குப் பட்டுச்சு. நான்தான் வாயைத் திறக்கல."

"அப்புறம் இன்னைக்கு எதுக்கு?"

"தினம் காலைல இன்னைக்கு எந்திரிச்சிருவாருன்னு ஓடி வாரேன். யாரு வீட்டுப் பஸ்ஸோ கிளம்புது, யாரு வீட்டுக் கல்யாணமோ கிளம்புது. திரும்ப ஓடிப்போயி அவரு மொகத்தப் பாக்கணும்ல, செம்பகம். முன்னாடி அவரைத் துடைக்கயில அவரை மட்டும் துடைச்சேன். இப்ப துடைச்சுக்கிட்டே கண்ணு திறக்குதா கண்ணு திறக்குதான்னு பாக்கேன். ராத்திரி எல்லாம் பாக்கேன். பாய் வந்து மாத்தினா பாய் மாத்திட்டாருன்னு இருக்கும், நீங்க எல்லாரும் எனக்குப் பாவம் பாத்துக்கிட்டு நிப்பீங்க. அதான் நானே முடிச்சேன்." துண்டை உதறி மறுபடி தோளில் போட்டாள். "கொஞ்ச நேரம் அவர்கிட்ட உக்காந்திருக்கியா? நான் தூங்கணும்."

நான் போனேன். போகாமல் என்ன செய்வது. மதினி பின்கட்டு அறையில் தலையணைகூடப் போடாமல், வெறும் சிமெண்டுத் தரையில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள். ஒரு மனுஷி அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அண்ணன் கட்டிலில் கிடந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். மீசை அழகாக இருந்தது. முகம் துடைத்தேன், கை துடைத்தேன், ஈ விரட்டினேன். அவர் கையைத் துடைத்துக் கட்டிலில் வைத்தபோது சுண்டுவிரல் லேசாக ஆடிய மாதிரி இருந்தது. நான் துண்டைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தேன். ஆடியது. ஆனால் பக்கத்துப் பட்டறையில் லேத்து ஓடிக்கொண்டிருந்தது, அந்த அதிர்வில் கட்டில் ஆடுகிறது, கட்டிலோடு சேர்ந்து விரல் ஆடுகிறதா, விரல் தானாக ஆடுகிறதா, எனக்குத் தெரியவில்லை. நான் தெருவுக்கு ஓடினேன். லேத்தை நிறுத்துங்கள், வெல்டிங்கை நிறுத்துங்கள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பட்டறையாக மெஷினை நிறுத்தினார்கள், என் வீட்டுக்காரர்கூட சிந்தசைசரிலிருந்து கையை எடுத்துவிட்டார், தெரு அடங்கிப்போனது.

திரும்ப வந்து விரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் போனது. சாப்பிடவில்லை. கண் எரிந்தால் ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் பார்த்தேன். வெயில் கட்டிலை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, வெளியே போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மதினி எழுந்து வந்தாள். கன்னத்தில் சேலைக் கரை அழுந்திய தடம் இருந்தது. முகம் தெளிந்திருந்தது. வாசல்படியில் நின்று கொட்டாவி விட்டு முடியைக் கோதி முடிந்துகொண்டாள்.

"அசையல மதினி" என்றேன்.

"நான் கேட்டேனா?" என்றாள். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "நீ போயிச் சாப்பிடு, செம்பகம். நான் பாத்துக்கிறேன்."

சரி என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.